டெலி மானஸ் 14416: ஒரு விடுதி வார்டனின் மதிப்பீடு

கல்லூரி விடுதியில் வேலை பார்ப்பவரோ, ஒரு வகுப்புக்கு டியூட்டராக இருப்பவரோ இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் 14416 என்ற மனநல உதவி எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் தென்மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். பெண்கள் விடுதியின் துணை வார்டன் பொறுப்பும் என்னிடம்தான். விளாத்திகுளம், சாயல்குடி, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள்தான் எங்கள் விடுதியில் அதிகம். பாதிப் பேருக்கு மேல் அவர்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அப்பா பட்டாசு ஆலைக்கோ கட்டட வேலைக்கோ போவார், அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவார். ஃபீஸ் கட்டுவதற்காக அம்மாவின் கம்மல் அடகுக் கடையில் இருக்கும். ஒரு பேப்பர் அரியர் விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கம்மல்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து பார்த்த பார்வையில்தான் இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

டெலி மானஸ் மத்திய அரசின் திட்டம். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனம் இதற்குத் தலைமை மையம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. காசு கிடையாது, ராப்பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் எடுப்பார். அவர் அளவில் முடியாத விஷயம் என்றால் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர் மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். நேரில் பார்க்க வேண்டியிருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையைச் சொல்வார்கள். 2025 வாக்கில் நாடு முழுக்க 20 லட்சம் அழைப்புகளைத் தாண்டிவிட்டது. சரி, இதெல்லாம் எந்த விளம்பரத் தாளிலும் இருக்கும். ஒரு விடுதியில் இது எப்படி உதவுகிறது என்பதைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி. யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நன்றாகப் படிப்பாள், ஹாஸ்டல் டே நிகழ்ச்சிக்குக் கோலம் போடுவதில் முன்னால் நிற்பாள். அவளிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது நானில்லை, அவள் வகுப்பு டியூட்டரும் இல்லை. மெஸ்ஸில் பரிமாறும் அக்கா. “மேடம், அந்தப் பிள்ளை தெனமும் தட்டக் கழுவி வெச்சிட்டுத்தான் போகுது. ஆனா அதுல சோறு போட்டு வாங்கவே இல்ல” என்றார். மற்றவர்கள் கண்ணில் படக்கூடாது என்று வெறும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்புறம்தான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டது. ஊறவைத்த துணி வாளியிலேயே நாள்கணக்கில் கிடந்தது. சனி ஞாயிறு ஊருக்குப் போவது நின்றிருந்தது. விடிகாலை மூன்று மணிக்கும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அறைத் தோழி சொன்னாள்.

என் அறைக்குக் கூப்பிட்டேன். “எனக்குப் பேச ஒண்ணுமில்ல மேம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வற்புறுத்தவில்லை. “நான் ஒரு நம்பருக்குப் போன் போடுறேன், நானே பேசுறேன், நீ பக்கத்துல இரு, போதும்” என்றேன். தலையாட்டினாள். ஸ்பீக்கரில் போட்டு, நான் விடுதி வார்டன், பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள், பேச முடிந்தால் பேசுவாள் என்று சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெண் குரல். முதலில் என்னிடம் கேட்டது, “இப்ப அவங்க தனியா இல்லையே, பாதுகாப்பா இருக்காங்களா?” என்பதுதான். அதன் பிறகு நேராகப் பிள்ளையிடம், “ஸ்பீக்கர்ல இருக்கட்டுமாம்மா, இல்ல நீங்க மட்டும் பேசுறீங்களா? உங்களுக்கு எது வசதி?” என்று கேட்டார்.

இந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் போடுவேன். கல்லூரியில் யாரும் அந்தப் பிள்ளையிடம் உனக்கு எது வசதி என்று கேட்டிருக்க மாட்டோம். அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்தாமல் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். நெடுநேரம் பேசினாள். அழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது.

சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று அந்த ஆலோசகர் சுற்றி வளைக்காமல் கேட்டதாக அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். நம்மில் பலர் இந்தக் கேள்வியை வாயில் எடுக்கவே பயப்படுகிறோம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகும் என்று நினைக்கிறோம். அப்படி ஆகாது என்பது மனநல மருத்துவத்தில் நிலைபெற்றுவிட்ட விஷயம். நேராகக் கேட்டால் உள்ளே அடைத்து வைத்திருப்பவருக்கு வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. அன்றைக்குப் பேசி முடித்த பிறகு, இரண்டு நாள் கழித்து நாங்களே கூப்பிடலாமா என்று அவளிடம் அனுமதியும் கேட்டிருக்கிறார்கள். கூப்பிட்டார்கள்.

இதே காலத்தில் எங்கள் நிர்வாகம் ஒரு தனியார் கவுன்சலிங் ஆப்புக்குச் சந்தா கட்டியிருந்தது. பெயர் வேண்டாம். ஆண்டு விழாவில் பேனர் கட்டி அறிமுகப்படுத்தினார்கள். கல்லூரி மெயில் ஐ.டி. போட்டால்தான் உள்ளே போக முடியும். அதைக் கேட்டவுடனேயே பிள்ளைகள் பின்வாங்கிவிட்டார்கள். தாங்கள் எழுதுவதைத் துறைத் தலைவர் படிப்பாரோ என்ற பயம். உள்ளே போனவர்களுக்கு முதலில் வந்தது ஒன்பது கேள்விகள். மனச்சோர்வை அளக்கிற பி.எச்.க்யூ-9 என்கிற அளவுகோல் அது. கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற நல்ல கருவி. ஆனால் அந்த ஆப்பில் கேள்விகள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளை, தன் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதை அகராதி பார்த்தா சொல்வாள்? ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ஆமாம் என்று தொட்ட ஒரு பிள்ளைக்குத் திரையில் சிவப்பு நிறத்தில் ஓர் ஆங்கில வாசகம் வந்திருக்கிறது. அடுத்த வேலை நாளில் ஒருவர் தொடர்புகொள்வார் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி. அவள் பக்கத்து அறைக்காரியிடம் சொல்லி, அவள் ஓடி வந்து என்னிடம் சொன்னதால் ஆயிற்று. அந்த நேரத்தில் ஒரு மனுஷக் குரல் வேண்டும். மனநலச் சேவை எது வாங்கினாலும் நிர்வாகம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: சனிக்கிழமை விடிகாலை ஒன்றரை மணிக்கு, தமிழில், யார் எடுப்பார்கள்?

கல்லூரியிலேயே ஒரு கவுன்சலிங் அறையும் இருக்கிறது. வாரத்தில் சில நாட்கள் உளவியல் படித்த ஒரு பெண் வருவார். அக்கறையான மனுஷி, பொறுமையாகக் கேட்பார். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அறை இருக்கிற இடம்தான் பிரச்சினை. எக்ஸாம் செல்லுக்கு அடுத்த கதவு. ஹால் டிக்கெட் வாங்கவும், வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டவும் எந்நேரமும் அங்கே ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசையைத் தாண்டி அந்தக் கதவைத் திறக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? உள்ளே போனால் மேஜை மேல் ஒரு நீளமான ரெஜிஸ்டர். பெயர், பதிவு எண், துறை, வந்த காரணம், கையெழுத்து. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் காட்டுவதற்காம். கடைசியாகக் கையெழுத்துப் போடுகிறவள், தனக்கு முன்னால் வந்த எல்லார் காரணத்தையும் படித்துவிட முடியும். ‘காதல் தோல்வி’, ‘குடும்பப் பிரச்சினை’ என்று பச்சை மையில் எழுதியிருந்ததை நானே பார்த்தேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று உரிமையாகவே சொல்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கல்லூரி முதல்வர் மேஜையில் வைத்துப் பேசினேன். அவர் சண்டைக்கு வரவில்லை, கேட்டுக்கொண்டார். ரெஜிஸ்டர் போய், இப்போது வெறும் எண்ணிக்கை மட்டும் எழுதுகிறார்கள். அறை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தைப் பற்றி வார்டன்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று 115-ஆம் பிரிவு. மாறாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், அவர்மேல் வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ‘போலீஸ் கேஸ் ஆயிடும், வெளிய தெரிய வேணாம்’ என்று விஷயத்தை அமுக்கி, பிள்ளையை ஊருக்குப் பஸ் ஏற்றிவிடுகிற வழக்கம் பல விடுதிகளில் இருக்கிறது. ஆபத்தான வழக்கம். பஸ் ஏற்றிவிட்ட பிள்ளை அந்த நாலு மணி நேரப் பயணத்தில் தனியாக இருக்கிறாள்.

சரி, 14416-க்குத் திரும்புகிறேன். அந்தப் பிள்ளையை நேரில் டாக்டரிடம் காட்டுவது நல்லது என்று அவர்கள் சொன்னார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவள் அம்மாவையும் வரவழைத்துக் கூட்டிப்போனேன். ஓ.பி. சீட்டு வாங்கி, காத்திருந்து, டாக்டரைப் பார்க்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆனால் டாக்டர் அவசரப்படவில்லை. அம்மாவுக்கு இருந்த ஒரே பயம், “மாத்திரை பழகிருமா சார், நாளைக்குக் கல்யாணங்காட்சின்னு வந்தா?” என்பது. இது அடிமையாக்கும் மாத்திரை இல்லை, வேலை செய்வது தெரியவே சில வாரம் ஆகும், அதனால் பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லையே என்று நிறுத்திவிடக் கூடாது, நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை இலவசமாகவே கிடைத்தது. பிள்ளை அந்த செமஸ்டர் ஒரு பேப்பரை விட்டாள், அடுத்த முறை எழுதினாள். மெஸ்ஸில் சாப்பிடுகிறாள். போன் உதவி எண், அரசு மருத்துவமனை இரண்டும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம்.

இனி ஆசிரியர்கள். இந்தப் பகுதியைக் கொஞ்சம் அழுத்தியே எழுத நினைக்கிறேன். மாணவர் மனநலம் பற்றிக் கருத்தரங்கம் நடத்தாத கல்லூரி இல்லை. அந்தக் கருத்தரங்குக்கு நாற்காலி போட்டு, போட்டோ எடுத்து, ரிப்போர்ட் எழுதுகிற ஆசிரியர் எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. மே மாதம் மற்றவர்களுக்கு விடுமுறை. சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களோ அட்மிஷனுக்காக ஊர் ஊராக, வீடு வீடாக வெயிலில் கேன்வாஸிங் போக வேண்டும். தலைக்கு இத்தனை பேர் என்று இலக்கு இருக்கும். ரிசல்ட் குறைந்தால் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். பிஎச்.டி.யை முடிக்காவிட்டால் வேலை நிலைக்காது. முடிக்க லீவு கிடையாது. இதற்கு நடுவில் சம்பளம் தள்ளிப் போகும் மாதங்களும் உண்டு.

எங்கள் துறையில் என்னைவிட வயதில் மூத்த அண்ணன் ஒருவர், லேப்பில் டைட்ரேஷன் எடுத்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்கி பியூரெட்டை நழுவவிட்டார். நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்தது. பதற்றத் தாக்குதல் என்றார்கள். அதன் பிறகு மறுபடி வந்துவிடுமோ என்ற பயமே அவரை வாட்டியது. கல்லூரி கவுன்சலரிடம் போக மாட்டேன் என்றார். தன் மாணவர்கள் நிற்கிற வரிசையில் எப்படிப் போவது? நம்பரைக் கொடுத்தேன். கேன்வாஸிங் முடிந்து திரும்புகிற வழியில் பைக்கை ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறார். “எங்க வேல பாக்கிறீங்கன்னு கூடக் கேக்கல. எப்ப இருந்து இப்படி இருக்குன்னுதான் கேட்டாங்க” என்று சொன்னார். தாக்குதல் வரும்போது மூச்சை எப்படி மெதுவாக இழுத்து விடுவது, இது நெஞ்சுவலி இல்லை என்று தனக்குத் தானே எப்படிச் சொல்லிக்கொள்வது என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது துறையில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு அவரே அந்த எண்ணைக் கொடுக்கிறார். கல்லூரி ஊழியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சேவை எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் இது நிர்வாகத்தின் கையில் இல்லை.

முன்னே சொன்ன மெஸ் அக்காவும் கூப்பிட்டார். அவருக்குக் கணவரின் குடி. தனக்குத்தான் பிரச்சினை இல்லையே, தன்னைப் பேச விடுவார்களா என்று தயங்கினார். குடிக்கிறவரின் வீட்டில் இருப்பவருக்கும் பேசத் தகுதி உண்டு. பேசினார். தூய்மைப் பணியாளர், வாட்ச்மேன், பஸ் டிரைவர் என்று எந்தச் சுற்றறிக்கையும் எட்டாத ஆட்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து இந்த எண்ணைச் சொல்லுங்கள், வாயால் சொல்லுங்கள்.

இந்தச் சேவையால் ஆகாதவையும் உண்டு. ஒருவர் இப்போதே தன்னைக் காயப்படுத்திக்கொண்டார், எதையாவது விழுங்கிவிட்டார் என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும். 14416 ஆம்புலன்ஸ் அனுப்புகிற எண் இல்லை. ஷிப்ட் முறையில் பலர் வேலை பார்க்கிற இடம் என்பதால், வாராவாரம் ஒரே ஆளிடம் கதையைத் தொடர வேண்டும் என்பவருக்கு இது மாற்று ஆகாது. அதற்கு நேரில் ஓர் உளவியலாளர் வேண்டும். போனில் பேச அறை வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். நாலு பேர் தங்கும் அறையில் யார் மனம்விட்டுப் பேச முடியும்? நாங்கள் விடுதியில் இஸ்திரி போடும் சின்ன அறையை ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒழித்துக் கொடுத்திருக்கிறோம். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு சார்ஜர், உட்புறத் தாழ்ப்பாள் இல்லாத கதவு. யார் போகிறார், எதற்குப் போகிறார் என்று கேட்பதில்லை. அங்கே காதலனோடு பேசுவார்களே என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். பேசட்டும். நாலு பேர் அதற்குப் போனால்தான் ஐந்தாவது ஆள் சந்தேகத்துக்கு ஆளாகாமல் போக முடியும்.

எண்ணை எங்கே ஒட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நின்று குறித்துக்கொள்ள யாரும் வர மாட்டார்கள். நாங்கள் குளியலறைக் கதவுகளின் உட்பக்கத்தில், கண்ணுக்கு நேராக, பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். ஆசிரியர் கழிவறையிலும் அப்படியே.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆந்திராவைச் சேர்ந்த ஒரு வழக்கில் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டுதல்களைத் தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் பெரிதாக எழுதிவைக்க வேண்டும். ஆசிரியர், அலுவலர் எல்லாருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். உங்கள் கல்லூரியில் நிர்வாகத்திடம் பேசத் தயக்கமாக இருந்தால் இந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எனக்கு இது உதவியது. பயிற்சிக்கு மெஸ் ஊழியர்களையும் உட்காரவைக்க வேண்டும் என்று கேட்டேன்; வெறும் தட்டைக் கவனித்தது அவர்கள்தானே. ஒத்துக்கொண்டார்கள்.

சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டையும் சேர்த்தே பதிந்துவையுங்கள். ஓர் எண் கிடைக்காவிட்டால் இன்னொன்று இருக்க வேண்டும். டெலி மானஸுக்கு 2024 அக்டோபரில் வந்த ஆப்பும் இருக்கிறது. என்றாலும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது போன் எண்ணைத்தான். நெட் பேக் தீர்ந்திருந்தாலும் அது வேலை செய்யும்.

கடைசியாக வார்டன்களுக்கு ஒன்று. அட்டெண்டன்ஸ் குறைவுப் பட்டியல் ஒட்டுகிற நாள், ரிசல்ட் வருகிற ராத்திரி, ஃபீஸ் கெடு முடிகிற வாரம். இந்த நாட்களில் எங்கள் விடுதியில் நானோ இன்னொரு வார்டனோ தூங்காமல் வராந்தாவில் இருக்கிறோம். ரிசல்ட் பார்த்த பிள்ளை முதலில் வீட்டுக்குப் போன் போட வேண்டாம், எங்களிடம் வந்துவிட்டுப் போடலாம் என்று முதலாண்டிலேயே சொல்லிவைக்கிறோம். வருகிறார்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே 14416-க்குப் போட்டுக் கொடுக்கிறோம்.